பூக்கடைக்குக் கேட்காமல் டிரெட்மில் விற்ற கதை

பழைய உடற்பயிற்சிக் கருவி வாங்கி விற்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: விற்ற சாமான் தேயாமல் திரும்பி வரும்.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் என் கடைக்கு வந்தால் பார்க்கலாம். ஓடாத டிரெட்மில், மிதிக்காத சைக்கிள், தூக்காத டம்பெல். பெயருக்குத்தான் பழசு. முந்தின சொந்தக்காரர் அதை வைத்துச் செய்த உடற்பயிற்சி இரண்டே இரண்டு: ஒரு தடவை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார், ஒரு தடவை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். கைப்பிடியில் துண்டு காயும், இருக்கையில் இஸ்திரி போடாத சட்டை குவிந்திருக்கும். கூச்சப்படாதீர்கள். உங்களை நம்பித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

நான் படித்து முன்னுக்கு வந்தவன் இல்லை. மீசை முளைக்கும் முன்பே லோரியில் ஏறித் துறைமுகத்துச் சாமான்களை ஏற்றி இறக்கியவன். பிறகு இரவுச் சந்தைகளில் காலுறை விற்று, நாலு பேரிடம் ஏமாந்து, ஏமாற்றியவர்களிடமே பேரம் பேசக் கற்றுக்கொண்டு இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். கடையில் ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது. லோரியிலிருந்து அந்த நாற்காலிக்கு வர எனக்குப் பாதி ஆயுள் பிடித்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்து ஒருவரோடு விலை பேசுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சுகம். இப்போது லோரியை ஓட்டுவது மணியம்; என்னோடு ஆரம்ப காலத்திலிருந்து இருக்கிறவன். நான் இறங்கிவிட்டேன், திரும்ப ஏறுவதாக இல்லை. அந்த நாற்காலியைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

இரும்புக்கு வாரண்டி

எல்லாம் ஒரு ஜோடி டம்பெல்லில் ஆரம்பித்தது. ஷா ஆலாமிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. டம்பெல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். கத்தரிக்காயில் சொத்தை தேடுகிறவர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், "இதுக்கு வாரண்டி இருக்கா?" என்றார். உருக்கி வார்த்த இரும்புக்கு. நான் பொறுமையாகத்தான், "இது இரும்பு சார், உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்" என்றேன். "அது சரி, எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றார். என் கட்டுப்பாடு அங்கேதான் போயிற்று. "அது எதுக்குய்யா உழைக்கணும்? உழைக்க வேண்டியது நீ" என்று ஆரம்பித்தவன், அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும் வரை நிறுத்தவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் ராஜம்மா அக்காவின் பூக்கடை. அன்றைக்கு அங்கே ஒரு குடும்பம் கல்யாண மாலைக்குச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் சண்டைச் சத்தம் கேட்கிறது, இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள். அக்கா உடனே என் மனைவி புஷ்பாவுக்குப் போன் போட்டார். எங்கள் வீடு பின் தெருவில்தான். புஷ்பா நடந்தே வந்தாள். கடைக்கணக்கைப் பார்ப்பது அவள் என்பதால், இந்த மாதம் என் வாயால் எத்தனை பேர் வெறுங்கையோடு போனார்கள் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கத்தவில்லை. கத்துவது என் இலாகா. நாற்காலியின் முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வர்ற தைப்பூசம் வரைக்கும் பார்ப்பேன். உங்க சத்தம் பூக்கடை வரைக்கும் வந்துச்சுன்னு அக்கா ஒரு தடவை சொல்லட்டும், இதுல நான் உக்காந்துக்கிறேன், நீங்க மணியத்தோட லோரியில ஏறிக்குங்க."

எலுமிச்சம்பழம்

அடுத்த வாரமே சோதனை வந்தது, காஜாங்கிலிருந்து. ஒரு வீட்டுக்கு டிரெட்மில் கொடுத்தேன். மணியம் கொண்டுபோய் இறக்கினான். அந்த வீட்டுப் பெரியவர் பக்தியான ஆள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாம்பிராணி காட்டியிருக்கிறார். அதுவரைக்கும் சரி. புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தானே ஓட்டுவோம்? இந்த வண்டிக்குச் சக்கரம் எங்கே என்று மணியத்தைக் கேட்டிருக்கிறார். இவனும், "ஓடுறது இதுதாங்க பெரியவரே" என்று பட்டையைக் காட்டிவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் காலையில் அந்த வீட்டு மருமகன் கடை வாசலில் நின்றார். நடந்ததை அவரே சொன்னார். மாமனார் மெஷினை ஆகக்கூடின வேகத்தில் ஓடவிட்டு, முருகனை நினைத்துக்கொண்டு, ஓடுகிற பட்டையின் மேல் இரண்டு பழத்தை வைத்திருக்கிறார். ஒன்று பின்பக்கமாகப் பறந்து ஷோகேஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. உள்ளே இருந்தது பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் மருமகன் வாங்கிய கோப்பை. அந்த வீட்டில் யாரோ எப்போதோ ஓடியதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். இன்னொரு பழம் தரையில் விழுந்து, பின் உருளைக்கு அடியில் இழுபட்டு, அங்கேயே சாறாகி, மெஷினை நிறுத்திவிட்டது. சாமி கும்பிட்ட நாளிலேயே நின்று போன மெஷின் வீட்டுக்கு ஆகாது, வேறு மெஷின் கொடுங்கள் என்கிறார்.

எனக்குக் கத்தல் கிளம்பிவிட்டது. எதிரே பார்த்தேன். ராஜம்மா அக்கா கை பாட்டுக்குப் பூக்கட்ட, காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் பார்வைக்கு வைத்திருந்த டிரெட்மில்லில் ஏறினேன். பொத்தானை அமுக்கினேன். பட்டை ஏற்றமாகச் சாயும்படி மேடு வைத்தேன். இத்தனை வருஷம் விற்ற சாமானில் நான் காலை வைத்தது அன்றைக்குத்தான். நல்ல கண்டுபிடிப்பு அது. மேட்டில் ஏறுகிறவனுக்கு மூச்சு விடவே காற்று போதாது. கத்துவதற்கு எங்கே மிச்சம்? "தம்பி... சுத்தம் பண்ணி... ஓட வச்சுத் தரேன்... மாத்தித் தர... முடியாது" என்று பதவிசாகச் சொல்லி முடித்தேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் வாசல்படியில் நின்று திரும்பினார்.

"போன வருஷம் மாமா அவரோட லோரிக்குப் பழம் வச்சப்போ ஒண்ணுமே ஆகலயே. அப்ப கோளாறு உங்க மெஷின்லதானே இருக்கு அண்ணே?"

தலைக்கு மேல்

கருவி வாங்க வருகிற எல்லாரிடமும் நான் ஒரு பாடம் நடத்துவேன். வீட்டுக் கதவை அளந்து வாருங்கள். அடுக்குமாடியாக இருந்தால் லிஃப்டை அளந்து வாருங்கள். கீழ்வீட்டுக்காரர் பகலில் தூங்கும் நர்ஸா, ராத்திரி தூங்கும் வாத்தியாரா என்று விசாரித்து வாருங்கள். முக்கியமாக, டிரெட்மில்லில் ஏறி நின்றால் நீங்கள் ஒரு சாண் வளர்ந்துவிடுவீர்கள். தலைக்கு மேல் மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு தரையை மட்டும் அளந்துகொண்டு வருவார்கள்.

செலாயாங்கிலிருந்து வந்த தம்பி ஒருவர் ஹாலில் எத்தனை டைல் காலியாக இருக்கிறது என்று எண்ணி, படம் வரைந்தே கொண்டு வந்திருந்தார். நல்ல உயரம். எங்கள் கடை நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தார். ஃபேனைப் பற்றி இரண்டு தடவை சொன்னேன். "எல்லாம் பார்த்தாச்சு பாஸ்" என்றார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார், முன்பைவிடக் கொஞ்சம் கூன் போட்டு. நான் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து என் மெஷினில் ஏறிக்கொண்டேன். இந்த வழக்கம் அதற்குள் பழகிவிட்டது. அதில் ஒரு லாபமும் இருந்தது. கடை முதலாளியே வேர்க்க வேர்க்க நடக்கிறார், அப்போது சாமான் நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள். யாரோ என்னைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, அதைப் பார்த்துவிட்டுக்கூட ஆள் வந்தது. உள்ளே எரிகிற எரிச்சலை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

"மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளிப் போடுங்க தம்பி" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். ஜன்னல் பக்கம் சோபா இருக்கிறதாம். சோபாவை நகர்த்தினால் டிவி தெரியாதாம். அவர் வேறு வழி யோசித்து வைத்திருந்தார்.

"ஃபேனை நிறுத்தினா வேர்த்துக் கொட்டுது, போட்டா தலை போயிருமோன்னு பயமா இருக்கு. உங்ககிட்ட கொஞ்சம் குட்டையான டிரெட்மில் இருக்கா பாஸ்?"

தீபாவளி சைக்கிள்

எங்கள் தொழிலுக்கு இரண்டு பருவம். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் ஊரே விற்கும். வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள், ஹாலில் இடம் வேண்டும், பலகாரத் தட்டு வைக்க மேசை போட வேண்டும். தீபாவளிக்குப் பிந்தின வாரங்களில் ஊரே வாங்கும். அந்தப் பலகாரமெல்லாம் எங்கே போயிற்று என்பதைக் கால்சட்டைப் பொத்தான் சொல்லிவிடும். ஹாலை விட்டுப் போன சாமானும் ஹாலுக்குத் திரும்பி வருகிற சாமானும் பல சமயம் ஒன்றேதான். நடுவில் சில வாரம் என் கடையில் விருந்தாளியாகத் தங்கிவிட்டுப் போகும்.

பூச்சோங் கமலா ஆன்டியின் சைக்கிள் அப்படி வருஷா வருஷம் வந்து போகிற சைக்கிள். விற்க வரும்போது அவர் பேச்சைக் கேட்க வேண்டும். "பாருங்க, ஒரு கீறல் இருக்கா? பெடல்ல அழுக்குகூட ஒட்டல. பிள்ளை மாதிரி வச்சிருந்தேன்" என்பார். உண்மைதான். ஏறினால்தானே அழுக்கு ஒட்டும். நல்ல விலை வாங்கிக்கொண்டுதான் போவார். தீபாவளி முடிந்து வந்தார். அதே சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். சீட்டைப் பிடித்து ஆட்டினார். "என்ன இது, சீட்டு ஒரு பக்கமா சாயுது. பெடல் கரகரங்குது. யாரு வீட்டிலயோ போட்டு மிதிமிதின்னு மிதிச்சிருக்காங்க" என்றார்.

"ஆன்டி, இது உங்க சைக்கிள்" என்றேன். அவர் அசையவே இல்லை. "எங்க சைக்கிளா இருந்தாத்தான் என்ன, கண்ணுக்குத் தெரியறதைத்தானே சொல்ல முடியும்?" என்று பாதி விலையில் ஆரம்பித்தார். நான் மெஷினில் ஏறினேன். அவர் பக்கத்தில் வந்து, கைப்பிடியில் தன் கைப்பையை மாட்டிவிட்டு, நின்ற இடத்தில் நின்றபடி பேரம் பேசினார். நான் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவர் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். எனக்கு நாக்கு வெளியே தள்ளியது. எதிரே ராஜம்மா அக்கா பூக்கட்டுவதையே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில் ஒத்துக்கொண்டேன். சம்மதித்துக்கூட அல்ல, மயக்கம் வந்து. கோபத்துக்குக் கீழே எனக்கு ஒரு மரியாதையும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. இரவுச் சந்தையில் இந்த ஆன்டி கடை போட்டிருந்தால் நான் அன்றைக்கே லோரிக்குத் திரும்பியிருப்பேன். சைக்கிளை ஏற்றும்போது, போன மாதம் நன்றாக இருந்தது இப்போது எப்படி ஆன்டி கெட்டுப் போகும் என்று மணியம் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டான்.

"எங்க வீட்டில இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு லா. உங்க பாஸ் கடையில நின்னு நின்னுதான் இப்படி ஆயிருச்சு."

பேரம் பேசாதவர்

எனக்கு ஒன்றரை மடங்கு விலை சொல்லித்தான் பழக்கம். நீங்கள் பாதியில் ஆரம்பிப்பீர்கள். நடுவில் எங்கேயோ சந்தித்து, ஆளுக்கு ஒரு தே ஓ, பால் விடாத தேநீர், குடித்து, இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி பிரிவோம். நான் விலை சொல்வதே நீங்கள் அதை அடிப்பதற்காகத்தான். இது தெரியாத ஒருவர் தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்தார். துறைமுகப் பக்கம் வெல்டிங் வேலை செய்கிறவர். பெயர் செல்வா. கதவை அடைக்கிற உடம்பு, அதட்டினால் அழுதுவிடுகிற முகம். அவர் மனைவி ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்திருக்கிறார். அதற்காக இவர் காவடி நேர்ந்திருக்கிறார். பத்துமலைப் படியில் அதைத் தோளில் வைத்து ஏற வேண்டும். தன் வீட்டு மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்குகிறது. பழக வேண்டும். வெளியே ஜிம்முக்குப் போனால் வீட்டில் மனைவி தனியாக இருப்பார். அதனால் வீட்டிலேயே செய்ய ஏதாவது வேண்டும்.

கடையில் படி ஏறுகிற பெரிய மெஷின் ஒன்று வெகுநாளாக நின்றுகொண்டிருந்தது. எவன் தலையிலாவது கட்ட வேண்டும் என்று காத்திருந்த மெஷின். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு சொன்னது: "இதெல்லாம் உங்களுக்கு வேணாம். ஏறி இறங்குற படிப்பலகை ஒண்ணு எடுத்துக்குங்க, தோள்ல வைக்க மணல் மூட்டை ஒண்ணு. தினமும் கொஞ்சம் கொஞ்சமா மூட்டையைக் கூட்டுங்க. இது போதும்." வழக்கப்படி ஒன்றரை மடங்கு விலை சொன்னேன். அவர் பர்ஸைத் திறந்து முழுசாக நீட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன இது, குறைச்சுக் கேளுங்க" என்றேன். "இல்லண்ணே, சரியான விலைதான்" என்றார். "சரியான விலை இல்ல, நான் கூட்டிச் சொல்லியிருக்கேன், கேளுங்க" என்றேன். சிரித்தார். என் குரல் உயர ஆரம்பித்தது எனக்கே கேட்டது. ஓடிப்போய் மெஷினில் ஏறி, அங்கிருந்தபடியே நானே ஒரு விலை குறைத்தேன். அவர் தலையாட்டவில்லை. இன்னும் குறைத்தேன். மேட்டைக் கூட்டி இன்னும் கொஞ்சம் குறைத்தேன். வாங்குகிறவர் வாயே திறக்காமல், விற்கிறவன் மட்டும் மூச்சிரைக்கத் தனியாகப் பேரம் பேசிய வியாபாரம் கிள்ளானிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். கடைசியில் நான் வாங்கிய விலைக்கே வந்து நின்றேன். அப்போதும் அவர் முதலில் நீட்டிய காசை மேசையில் வைத்து, மேலே என் கால்குலேட்டரைப் பாரமாக வைத்துவிட்டு, பலகையையும் மூட்டையையும் தோளில் தூக்கிக்கொண்டார்.

"சாமிக்குக் காவடி எடுக்கிறதுக்கு வாங்குற சாமான். இதுல போய்ப் பேரம் பேசினேன்னா, முருகன் பாதிப் படியில என்னை இறக்கி விட்டுருவாருண்ணே."

விற்பனைக்கு இல்லை

தைப்பூசத்துக்குச் சில நாட்களே பாக்கி. பூக்கடையில் காலையிலிருந்தே கூட்டம். ராஜம்மா அக்காவுக்கு நிமிர நேரமில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நாற்காலிக்குப் புது மெத்தை தைக்கக்கூடச் சொல்லிவிட்டேன். கால்சட்டை எல்லாம் தளர்ந்து, இடுப்பு வாரில் புது ஓட்டை போட்டாகிவிட்டது. அப்போது சாமுவேல் அங்கிள் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாக இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவர். பேசுவதே ஒரு மாதிரி மெல்லிய ராகத்தில் இருக்கும். அவர் கடை முழுவதும் சுற்றிவிட்டு, நான் நடந்துகொண்டிருந்த மெஷினைக் காட்டினார்.

"இது என்ன விலை தம்பி?"

"இது பார்வைக்கு வச்சது அங்கிள். அந்த ஓரத்துல பாருங்க, அதே மாடல், புதுசு மாதிரி இருக்கும்."

"புதுசு மாதிரி இருந்தா அதுல யாரும் ஓடலைன்னு அர்த்தம். ஓடலைன்னா ஏன் ஓடல? இதுலதான் நீங்க தினமும் நடக்கிறீங்க. நான் வாட்ஸ்அப்ல பார்த்தேன். எனக்கு இதுதான் வேணும்."

அவரை விரட்டுவதற்காக வாய்க்கு வந்த விலை சொன்னேன். கடையில் எந்தச் சாமானுக்கும் நான் சொல்லியிராத விலை. அவர் யோசித்துவிட்டு, சரி என்றார். வேறு மெஷினில் ஏறிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். முடியவில்லை. அதன் பட்டை என் காலுக்குப் பழகியிருந்தது. கமலா ஆன்டிக்கு எந்த மேடு, ஃபேன் தம்பிக்கு எந்த வேகம் என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, விற்க மனசில்லாத ஒரு சாமான் என் கடையில் இருந்தது. இப்படி ஒரு நிலைமைக்கு என்ன பேசுவது என்று எந்தச் சந்தையிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் இறங்குங்க, நான் நடந்து பார்க்கிறேன்" என்றார். வயதானவர் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? இறங்கினேன். நான் செய்த தப்பு அதுதான். கால் தரையில் பட்டதும் மூச்சு நிதானத்துக்கு வந்துவிட்டது. அவர் என் மெஷினில், என் மேட்டில், என் வேகத்தில் நடந்துகொண்டே, "அருமையா இருக்கு, இன்னைக்கே அனுப்பிருங்க" என்றார். அரை வருஷம் நடந்து நடந்து என் நெஞ்சு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. "விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்றேன்ல" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். பழைய நாளில் நான் அரைமணி நேரம் கத்தினால் வருகிற சத்தம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரர் பிரேக் போட்டார். பூக்கடைக் கூட்டம் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது. சாமுவேல் அங்கிள் மெதுவாக மெஷினை நிறுத்தி இறங்கி, பூக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் சாலையைக் கடந்து ஓடி, கையை எடுத்துக் கும்பிடாத குறையாக அக்காவிடம் நின்றேன். இந்த ஒரு தடவை போன் மட்டும் போட வேண்டாம் என்று கேட்டேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் எங்க தம்பி போட்டேன்? புஷ்பாதான் இப்ப எனக்குப் போன் போட்டுச்சு, அங்க என்ன சத்தம்னு."

நாலாவது மாடி

புஷ்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். பூக்கடையிலிருந்து சாமுவேல் அங்கிளைக் கூப்பிட்டு, ஒரு தே ஓ வாங்கிக் கொடுத்து, அவர் ரயில்வே கதையை முழுவதும் கேட்டாள். பிறகு அந்த மெஷினை விற்றாள். அவரை விரட்டுவதற்காக நான் சொன்ன விலைக்கே, ஒரு காசு குறைக்காமல், சிரித்துக்கொண்டே. அங்கிளும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். புது மெத்தை அன்று சாயங்காலம் வந்தது. அதில் நான் இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

நானும் மணியமும் மெஷினை லோரியில் ஏற்றிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தது, நன்றாக ஓடியது, மெஷின்தான் அதற்குள் நுழையவில்லை. லிஃப்டை அளந்து வாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். ஆனால் விற்றது நான் இல்லையே. படியில் தூக்கினோம். முன்னால் நான், பின்னால் மணியம். வளைவுக்கு வளைவு ஒரு புதுக் கெட்ட வார்த்தை ஞாபகம் வந்தது. மேலே போய், ரயில் தண்டவாளம் தெரிகிற ஜன்னலுக்கு எதிரில் இறக்கி வைத்தேன். தலைக்கு மேல் ஃபேன் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பட்டையை ஒரு தடவை ஓடவிட்டு, கையால் தொட்டுப் பார்த்தேன். அங்கிள் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏறி நடக்க ஆரம்பித்தார். வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு.

மணியம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டை முழுக்க ஈரம். நான் நின்றபடியே தண்ணீரைக் குடித்து முடித்து, கிளம்பலாம் என்றேன். அவன் என்னைக் கீழேயிருந்து மேலே ஒரு தடவை பார்த்தான்.

"எனக்கு உசிரு போயி உசிரு வருது, உங்களுக்கு மூச்சுகூட வாங்கல. இனிமே இந்த வேலைக்கு நீங்கதான் பாஸ், வேற ஆளே தேட வேணாம்னு புஷ்பா அக்காகிட்ட சொல்லிடுறேன்."

ஆகவே, வீட்டுக்கு உடற்பயிற்சிக் கருவி வாங்க நினைக்கிற அன்பர்களே, கதவையும் லிஃப்டையும் ஃபேனையும் அளந்து வாங்குங்கள், ஆனால் வாங்கியதில் நிஜமாகவே தினமும் ஏறி நடந்துவிட்டீர்களானால், அப்புறம் வீட்டில் உங்களை எத்தனையாவது மாடிக்கு அனுப்புவார்கள் என்பதற்குக் கடை பொறுப்பில்லை.